டயானா கல்யாணமும் பன்னிரண்டு புத்தகங்களும்

திருவனந்தபுரத்தில் 'மாயாவி' என்று பொத்தாம்பொதுவாகச் சொன்னால் வம்பு. சாலைக் கடைத்தெருவில் வியாபாரம் செய்யும் அறுபது வயதுத் தமிழருக்கு மாயாவி என்றால் இரும்புக்கை மாயாவி. 1972-இல் சிவகாசியிலிருந்து முத்து காமிக்ஸின் முதல் இதழாக வந்தவர். அவருடைய தம்பிக்கு ராணி காமிக்ஸின் முகமூடி மாயாவி. இவர்தான் அதற்கு முன்பு இந்திரஜால் காமிக்ஸில் வேதாளராக இருந்தவர். பக்கத்துக் கடை மலையாளிக்கோ மாயாவி என்பது 'பாலரமா'வில் 1984-லிருந்து வரும் ஒரு நல்ல குட்டிச்சாத்தான். மூன்று பேரும் ஒரே டீக்கடையில் நின்று மாயாவியைப் பற்றிப் பேசினால் ஒருவர் சொல்வது மற்ற இருவருக்கும் பொய்யாகத்தான் படும்.

எனக்கும் என் அத்தானுக்கும் 1980-களின் தொடக்கத்தில் நடந்த சண்டை இதைவிட மோசம். நாங்கள் பேசியது ஒரே ஆளைப் பற்றி.

அத்தை வீடு கரமனையில். கோடை விடுமுறைக்கு நாகர்கோவிலில் பஸ் ஏறினால் தம்பானூர் வரை போக வேண்டியதில்லை, வழியிலேயே இறங்கிக் கொள்ளலாம். அத்தான் இங்கிலீஷ் மீடியம். அவன் வாசித்தது இங்கிலீஷ் இந்திரஜால். நான் வாசித்தது பழைய கடையில் கட்டாக வாங்கிய தமிழ் இந்திரஜால். வேதாளருக்கும் டயானாவுக்கும் கல்யாணமாகி இரட்டைக் குழந்தைகள் பிறந்துவிட்டன என்றான் அத்தான். புளுகு என்றேன் நான். பந்தயம், அவனுடைய பன்னிரண்டு புத்தகங்கள். கல்யாணக் கதை வந்த இதழைக் காட்டு என்றால், வகுப்புப் பையன் வாங்கிப் போய்த் திருப்பித் தரவில்லை என்றான். நான் என் கட்டைப் பிரித்துத் திண்ணையில் பரப்பினேன். எட்டு இதழ். எட்டிலும் வேதாளர் கட்டைப் பிரம்மச்சாரி. அத்தைதான் நீதிபதி. சாட்சி இல்லாத கட்சி தோற்றது. பன்னிரண்டு புத்தகங்களும் நாகர்கோவில் வந்து சேர்ந்தன.

அத்தான் சொன்னது உண்மை. 1936 பிப்ரவரி 17-இல் அமெரிக்கப் பத்திரிகைகளில் தொடங்கிய அந்தச் சித்திரத் தொடரில், ஏறத்தாழ 42 வருடம் காத்திருந்து, 1977-இன் கடைசியில்தான் வேதாளர் டயானாவைக் கைப்பிடித்தார். கிட், ஹெலாய்ஸ் என்ற இரட்டையர் 1979-இல் பிறந்தார்கள். இந்திரஜால்காரர்கள் பழைய கதை, புதுக் கதை என்று பல வருடத்துச் சரக்கையும் கலந்து போட்டார்கள். பழைய கடைக்காரர் அதை இன்னொரு முறை கலந்து சணல் கயிற்றால் கட்டினார். வேதாளர் ஒரு புத்தகத்தில் மணமகன், அடுத்ததில் காதலன், அதற்கடுத்ததில் டயானாவை முதன்முதலாகப் பார்ப்பவர்.

பின்னாளில் தெரிய வந்த ஒரு சமாசாரம் என் எட்டு சாட்சிகளையும் தூக்கிச் சாப்பிட்டுவிட்டது. ஜிம்மி வெல்ஸ் என்ற பெயரை எத்தனை வேதாளர் ரசிகர்கள் கேள்விப்பட்டிருக்கிறீர்கள்? தொடரின் முதல் கதையில் வரும் நியூயார்க் பணக்கார வாலிபர், டயானாவின் நண்பர், வேலை வெட்டி இல்லாத சோம்பேறி போலத் திரிகிறவர். இந்த ஆசாமிதான் ராத்திரியானால் முகமூடி போட்டுக்கொள்கிறார் என்று வாசகர்கள் ஊகிக்கும்படி கதாசிரியர் லீ ஃபாக் குறிப்புகளை விதைத்துக்கொண்டே போனார். அப்போது அவருக்கு வயது 24. கதை பாதி ஓடிக்கொண்டிருக்கும்போதே மனசு மாறிவிட்டது. முகமூடிக்காரருக்குக் காடு, மண்டையோட்டுக் குகை, நானூறு வருடமாகத் தந்தைக்குப்பின் மகனாக வரும் பரம்பரை எல்லாம் முளைத்தன. ஜிம்மி வெல்ஸின் ரகசியம் உடைக்கப்படவே இல்லை. ரகசியம்தான் இல்லாமல் போய்விட்டதே! பகலில் சோம்பேறிப் பணக்காரர், ராத்திரியில் முகமூடி என்ற அதே ஏற்பாட்டோடு 1939-இல் பேட்மேன் வந்து உலகம் முழுக்கப் பேர் வாங்கிவிட்டார். பாவம் ஜிம்மி.

நம் இரும்புக்கை மாயாவிக்கும் இப்படியொரு மறைக்கப்பட்ட ஜாதகம் உண்டு. 1962-இல் பிரிட்டனின் 'வேலியன்ட்' வாரப் பத்திரிகையில் தொடங்கியபோது லூயிஸ் கிராண்டல் நல்லவரே இல்லை. மின்சாரம் பாய்ந்து உடம்பு மறைந்ததும் திருட்டில் இறங்கியவர். பிறகுதான் திருந்தி உளவாளியானார். நடுவில் அமெரிக்க சூப்பர் ஹீரோ மோகம் அடித்த காலத்தில் கொஞ்ச நாள் அவருக்கும் ஒரு வேஷ உடுப்பை மாட்டிவிட்டார்கள். உடம்பே தெரியாத ஆளுக்கு உடுப்பு எதற்கு என்று யாருக்கோ உறைத்திருக்க வேண்டும். உடுப்பு சீக்கிரமே கழன்றது.

அமெரிக்காவில் இதையெல்லாம் மகா குற்றமாக எடுத்துக்கொள்கிறார்கள். 1938-இல் வந்த சூப்பர்மேனுக்குப் பறக்கத் தெரியாது, தாவத்தான் தெரியும். இப்படிப் பொருந்தாத பழைய கதைகளை டி.சி. நிறுவனம் முதலில் 'இரண்டாவது பூமி'யில் நடந்தவை என்று சொல்லி ஒதுக்கியது. பூமிகள் பெருகிக் கணக்கு உதைக்கவே, 1985-86-இல் 'கிரைசிஸ் ஆன் இன்ஃபினிட் எர்த்ஸ்' என்று பன்னிரண்டு இதழ்த் தொடர் போட்டு உபரி பூமிகளை எல்லாம் அழித்தார்கள். நேற்றுவரை நடந்த கதை இன்று நடக்காத கதை.

நமக்கு இந்த அவஸ்தை கிடையாது. திருவனந்தபுரத்திலிருந்து செங்கோட்டைப் பக்கம் போகிறவர்களுக்குத் தெரியும்: ஐயப்பன் குளத்தூப்புழையில் பாலகன், ஆரியங்காவில் கல்யாண மாப்பிள்ளை, அச்சன்கோவிலில் பூர்ணா புஷ்கலையோடு குடும்பஸ்தர், சபரிமலையில் நித்திய பிரம்மச்சாரி. ஒரே பயணத்தில் நான்கையும் தரிசித்துவிட்டு வரும் பக்தர் யாரும் எது அதிகாரபூர்வம் என்று கேட்டதாகத் தெரியவில்லை.

ஆனால் நாமும் கத்திரி எடுக்காதவர்கள் அல்ல. வேதாளரின் நாடு மூலத்தில் 'பெங்காலி' என்றிருந்தது; கதை ஆரம்பத்தில் நடந்ததும் இந்தியாவை ஒட்டிய கீழை நாடு ஒன்றில்தான். கடற்கொள்ளையர்கள் 'சிங்' கூட்டத்தார். நம் நாயகரின் தகப்பனாரை வஞ்சகமாகக் கொன்றவன் பெயர் ராமா. இந்திரஜால் 1964-இல் பம்பாயில் தொடங்கியபோது நாடு 'டெங்காலி' ஆயிற்று, சிங் 'சிங்கா' ஆனார், ராமா 'ராமலு'வானான். அந்தப் பக்கம் லீ ஃபாக்கும் சும்மா இருக்கவில்லை. நாட்டை மெல்ல ஆப்பிரிக்காவுக்கு நகர்த்தி, லுவாகா என்றொரு ஜனாதிபதியையும் தேர்ந்தெடுத்துக் கொடுத்தார். புலிகள் மட்டும் ஊர் மாறாமல் சிங்கங்களோடு அங்கேயே தங்கிவிட்டன.

யார் மனமும் புண்படக் கூடாது என்ற ஆசிரியரின் கவலை எனக்குப் புரிகிறது. ஆனாலும் நம்மைப் பார்க்காமலே நம்மை வைத்து ஒரு வெள்ளைக்கார இளைஞர் 1936-இல் என்ன கதை கட்டினார் என்பது ராமலுவைப் படித்த எனக்குத் தெரியாமலே போயிற்று. நாங்கள் ஆசையோடு காட்டுவாசிகளின் பக்கம் நிற்காமல் முகமூடிக்காரர் பக்கம் நின்றோமே, அதில் அந்தப் பெயர் மாற்றத்துக்கும் பங்கு உண்டு. பழைய கதையைப் பழைய கோணலோடு வைத்திருக்க வேண்டும் என்பது என் கட்சி. தமிழ்ப் பிரதிகளுக்கு இது இன்னும் அவசரம். என்னிடம் உள்ள இதழ்களில் மொழிபெயர்த்தவர் பெயர்கூட இல்லை, காகிதம் தொட்டால் உதிர்கிறது.

மலையாளிகள் இந்த விஷயத்தில் உஷார். 2019-இல் பாலரமாவின் மாயாவி கதையில் டிங்கினி என்று ஒரு புதுப் பாத்திரம் நுழைந்ததும், ஈட்டியில் பறக்கும் குட்டி வில்லன் லுட்டாப்பியைக் கழற்றிவிட்டார்கள் என்று வளர்ந்த ஆண்பிள்ளைகளே இணையத்தில் கொடி பிடித்தார்கள். லுட்டாப்பி திரும்பி வந்தான். ஜிம்மி வெல்ஸுக்குக் கொடி பிடிக்க ஒரு நாதியில்லை.

போன வருடம் ஒரு பழைய புத்தகக் கடையில் அந்தக் கல்யாண இதழ் கிடைத்தது. அட்டை பாதி இல்லை. அத்தானிடமிருந்து ஜெயித்த பன்னிரண்டில் கரையானுக்குத் தப்பிய ஐந்தையும் சேர்த்து எடுத்துக்கொண்டு கரமனை போனேன். அத்தை இப்போது இல்லை. திண்ணை இருந்த இடத்தில் கார் நிற்கிறது. அத்தான் ரிட்டயராகி, பேத்தியைப் பள்ளிக்கூடத்தில் விட்டு அழைத்து வருகிறார்.

"நீங்க சொன்னது நெசந்தான் அத்தான்" என்று கல்யாண இதழை மேலே வைத்து நீட்டினேன். அவர் கண்ணாடியைத் தேடி மாட்டிக்கொண்டு, கதையின் கடைசிப் பக்கம் வரை நிதானமாகப் புரட்டினார். பிறகு கட்டை எண்ணினார்.

"இதையும் சேத்து ஆறுதாம்லே இருக்கு. மிச்ச ஆறு எப்பம் வரும்?"