வாயில்லாச் சீவனும் வேலியும்

இங்கிலாந்தின் நாட்டுப்புறம் ஒன்றிலே வாழும் என் பழைய மாணாக்கர் ஒருவர் அண்மையில் எழுதிய கடிதத்திலே ஒரு செய்தியைக் குறிப்பிட்டிருந்தார். அவருடைய அயலிலே புல்வெளி வைத்திருக்கும் முதிய கமக்காரர் ஒருவர் ஒருநாட் காலையில் எழுந்து பார்க்கிறார். தமது நிலத்திலே முன்பின் அறியாத குதிரைகள் நான்கு மேய்ந்துகொண்டு நிற்கின்றன. படலையின் பூட்டு அறுக்கப்பட்டிருக்கிறது. குதிரைகளின் உடையவர் யாரென்பது ஒருவருக்குந் தெரியவில்லை. “ஐயா, துரத்தினால் அவை தெருவுக்குப் போய் யாருக்காவது ஆபத்தை விளைக்கும், துரத்தாவிட்டால் அவருடைய மாடுகளுக்கென்று வளர்த்த புல் அழிந்துபோகும். அந்தக் கிழவர் என்னதான் செய்வார்?” என்று மாணாக்கர் வினவியிருந்தார்.

அந்நாட்டிலே இது புதிய தொல்லையன்று. 2008ஆம் ஆண்டுப் பொருளாதார நெருக்கடியின் பின்னர் அங்கே குதிரைகளின் விலை பெரிதும் வீழ்ந்தது. குதிரையை விற்றுப் பெறும் பணத்திலும் அதற்குத் தீனியிடும் செலவு மிகுந்தது. ஆகவே, மனச்சாட்சி குன்றிய சிலர் தங்கள் குதிரைகளை இரவோடிரவாகப் பிறருடைய நிலங்களிலே விட்டுச் செல்லத் தொடங்கினர். புல்லுக்குச் செலவில்லை, காவலுக்குச் செலவில்லை. நல்ல விலை வந்தால் குதிரை தம்முடையது. வழக்கு வந்தால் குதிரை யாருடையதோ!

இத்தகைய வழக்குகளுக்கு அந்நாட்டிலே முன்னரும் சட்டம் இருந்தது. 1971ஆம் ஆண்டின் விலங்குகள் சட்டப்படி, தம் நிலத்தினுட் புகுந்த கால்நடையை ஒருவர் பிடித்து வைத்திருக்கலாம். 48 மணித்தியாலத்துள் பொலீசாருக்கும், உடையவர் தெரிந்தால் அவருக்கும் அறிவிக்கவேண்டும். 14 நாட்களின் பின்னும் ஒருவரும் வராவிட்டால் சந்தையிலோ ஏலத்திலோ விற்கலாம். நான்கு குதிரைகளுக்கு 14 நாட்கள் தீனி போடுவதென்றால் ஏழைக் கமக்காரன் கதி என்னவாகும்? ஆகையால், இங்கிலாந்துக்கென 2015ஆம் ஆண்டிலே இயற்றப்பட்ட குதிரைக் கட்டுப்பாட்டுச் சட்டம் இக்காலத்தைச் சுருக்கிற்று. இப்பொழுது 24 மணித்தியாலத்துள் அறிவித்தல் வேண்டும். 96 மணித்தியாலத்துள் உடையவர் வந்து, நட்டத்தையும் செலவையும் செலுத்திக் குதிரையை மீட்காவிட்டால், அது பிடித்தவருக்கே உரியதாகிவிடும்.

இச்சட்டத்திலே என் மனத்தைக் கவர்ந்தது வேறொன்று. பிடித்து வைத்திருக்கும் விலங்கைத் தக்க கவனத்துடன் பேணி, அதற்குப் போதிய உணவும் நீரும் கொடுக்கவேண்டியது பிடித்தவருடைய கடமை என்று 1971ஆம் ஆண்டுச் சட்டமே விதித்திருக்கிறது. தவறினால் அவரே நட்டஈடு கொடுக்கவேண்டியவராவார். என் புல்லைத் தின்ற குதிரைக்கு நானே தண்ணீர் வைக்கவேண்டுமா என்று கேட்கத் தோன்றும். ஆம், வைக்கத்தான் வேண்டும். பூட்டை அறுத்தது குதிரையன்று அல்லவா?

நம் நாட்டிலே அயலான் குதிரை வளவுக்குள் வந்து நிற்பது அரிது. நெடுந்தீவிலே திரியும் மட்டக்குதிரைகளை, அந்நியர் ஆட்சிக் காலத்தில் அங்கே வளர்க்கப்பட்ட குதிரைகளின் வழிவந்தவை என்பர். இன்று அவற்றுக்கு உடையவர் என்று ஒருவருமில்லை. எனவே முறையிடுவதற்கும் ஆளில்லை. அத்தீவின் வளவுகளைச் சுற்றிப் பவளக் கற்களை ஒன்றன்மேலொன்றாக அடுக்கி எழுப்பியிருக்கும் மதில்களை அங்கு சென்றவர்கள் கண்டிருப்பார்கள். கல்மதிலுக்கு வசதியில்லாத நம் ஊர்களிலே கிளுவையும் பூவரசும் ஓலையுந்தான் வேலி. அவ்வேலியைப் பிரித்துக்கொண்டு உள்ளே வருவது குதிரையன்று, கட்டாக்காலி மாடு.

மாணாக்கரின் கடிதம் எனக்கு என் பிழை ஒன்றை நினைவூட்டிற்று. சில ஆண்டுகளுக்கு முன்னர், கல்லூரி விடுமுறையிலே எங்கள் வளவின் பின்புறத்தைக் கொத்தி மிளகாய்க் கன்றுகள் நட்டிருந்தேன். காலையும் மாலையும் கிணற்று நீரை என் கையாலேயே இறைத்தேன். கன்றுகள் பூக்கும் பருவத்திலே ஒருநாள் விடியற்காலையிற் சென்று பார்த்தபோது பாதிக்கு மேல் இல்லை. நடுவிலே அயல்வீட்டுச் சிவலைப் பசு நின்றது. வாயிலே என் மிளகாய்க் கன்று. கழுத்திலே அறுந்த கயிறு. வேலியோரத்திற் கிடந்த கதியால் ஒன்றை எடுத்து ஓங்கி அடித்தேன். அடி பின்னங்காலிற் பட்டது. பசு நொண்டிக்கொண்டு ஓடிற்று.

அந்தப் பசுவின் பாலை விற்று இரு பிள்ளைகளைப் படிப்பிக்கும் விதவைத் தாயார் அன்று மாலை எங்கள் படலையடியில் வந்து நின்றார். “மாஸ்டர், இரவு கயிறு அறுந்துபோச்சுது. நான் காணயில்லை. எவ்வளவு நட்டமெண்டு சொல்லுங்கோ, பாலிலை கழிச்சுத் தாறன்” என்றார். பசுவின் காலைப் பற்றி ஒரு வார்த்தையும் அவர் கூறவில்லை. அவருடைய வீட்டு முற்றத்திலே அது மூன்று கால்களில் நிற்பது என் படலையடியிலிருந்தே தெரிந்தது.

அன்று காலை முழுவதும் நான் கன்றுகளை எண்ணி நட்டத்தைக் கணக்கிட்டிருந்தேன். அவருடைய நட்டத்தை அவர் கணக்கிடவேயில்லை. பசுவைப் பிடித்து மரத்திற் கட்டி, வாளியிலே தண்ணீர் வைத்து, பிள்ளையொன்றை அனுப்பி அறிவித்திருந்தேனாயின், நியாயம் முழுவதும் என் பக்கத்தில் இருந்திருக்கும். ஒரே அடியினால் நியாயம் கேட்கும் தகுதியை இழந்தேன். “ஒன்றும் வேண்டாம், அக்கா. கால் வீக்கத்துக்கு நாளைக்கு மிருக வைத்தியரைக் கூட்டிக்கொண்டு வாறன்” என்றேன். வைத்தியருக்குக் கொடுத்த பணம் மிளகாய்க் கன்றுகளின் விலையிலும் அதிகம். மறுவாரம் அந்த அம்மையார் ஒரு கடகம் சாணகம் கொண்டுவந்து, புதுக் கன்றுகளுக்கென்று என் வளவிலே கொட்டிவிட்டுப் போனார்.

சாணகத்தைப் பார்த்தபொழுது நம் முன்னோரின் வழக்கமொன்று நினைவுக்கு வந்தது. பயிரிடுவதற்கு முன்னர் தம் தோட்டத்திலே பிறருடைய மாடுகளையும் ஆடுகளையும் வரவழைத்து, இரவிலே பட்டி அடைக்கச் செய்து, அதற்குக் கூலியும் கொடுத்தார்கள். நிலத்துக்கு எரு, உடையவனுக்கு ஊதியம். அதே மாடு, அதே நிலம். அழைத்து வந்தால் வளம். அழையாமல் வந்தால் அழிவு. இரண்டுக்கும் இடையிலே உள்ளது “வரலாமா?” என்ற ஒரு கேள்வியே. அக்கேள்வியைக் கேட்கவேண்டியவன் வாயுள்ள மனிதன். அவன் கேளாதிருந்த குற்றத்துக்கு வாயில்லாச் சீவன் அடிவாங்குகிறது.

கத்திவெட்டுக் காயத்தோடு தெருவிலே நிற்கும் மாடுகளை நம் பகுதிகளிற் கண்டிராதவர் இருக்கமாட்டார். வெட்டியவரும் கொடியவராயிருக்கவேண்டியதில்லை; கடன்பட்டு வளர்த்த பயிர் ஓரிரவில் அழிந்ததைக் கண்டவராயிருக்கலாம். அவருடைய துயரம் உண்மையானது. எனினும் மாட்டை வெட்டுவதாற் பயிர் மீளாது. உடையவனுக்குப் பாடமும் வராது. பகை ஒன்றே மிஞ்சும். அது வேலியோரமாக முளைத்து அடுத்த தலைமுறைக்கும் காய்க்கும்.

ஆகவே பொறுத்துக்கொண்டிருப்பதே தருமம் என்று நான் கூறவில்லை. கயிறு அறுந்து வந்த மாடு வேறு. அவிழ்த்து விடப்பட்ட மாடு வேறு. முன்னது தவறு, அதை அயலார் இருவரும் பேசித் தீர்க்கலாம். பின்னது இங்கிலாந்துக் குதிரைக்காரரின் செயல் போன்ற திருட்டு. ஊரார் பயிரிலே தன் மாட்டைக் கொழுக்க வைப்பவனுக்கு இரக்கங் காட்டுதல் அவனுடைய தொழிலுக்கு முதலிடுவதாகும். இதற்கென்றே நம் நாட்டில் 1876ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கக் கால்நடை அத்துமீறல் கட்டளைச் சட்டம் உண்டு. கட்டாக்காலிகளைப் பிடித்துக் கட்டிவைத்துத் தண்டம் அறவிடும் பிரதேச சபைகளும் உண்டு. முறைப்பாடு செய்வது அயலவனுக்குச் செய்யும் துரோகமாகாது.

பிறர் கால்நடை வளவினுட் புகுந்தால், முதலிலே அதைப் பதறவைக்காமற் பிடித்து நிழலிற் கட்டுங்கள், தண்ணீர் வையுங்கள். அழிந்த பயிரை அப்படியே விட்டு, அயலார் ஒருவரை அழைத்துக் காட்டுங்கள். இயலுமாயின் படமும் எடுத்து வையுங்கள். அன்றே உடையவருக்குச் சொல்லியனுப்புங்கள். உடையவர் தெரியாவிடிற் கிராம அலுவலருக்கோ பிரதேச சபைக்கோ அறிவியுங்கள். நட்டத்தைக் கூட்டிச் சொல்லாதீர்கள். அடுத்த நாளே வேலியையும் பாருங்கள். ஒருமுறை வழி கண்ட மாடு மறுமுறையும் அவ்வழியே வரும்.

மாடு வளர்ப்போருக்கும் ஒரு சொல். நைந்த கயிற்றை மாற்றுவதற்குச் செலவு சிறிது. உங்கள் மாடு அயலார் பயிரை மேய்ந்ததென்று கேள்விப்பட்டால், அவர் உங்கள் வாசலுக்கு வருமுன்னர் நீங்கள் அவருடைய படலையடிக்குச் செல்லுங்கள். அந்த அம்மையார் அப்படி வந்தபடியினாற்றான் என் கோபம் வெட்கமாக மாறிற்று.

மாணாக்கருக்கு இவற்றையெல்லாம் மறுமொழியாக எழுதினேன். அவர் மீண்டும் எழுதியிருக்கிறார். அந்த முதியவர் முதல் நாளே பொலீசாருக்கு அறிவித்துவிட்டாராம். ஒருவரும் இன்னும் குதிரைகளைத் தேடி வரவில்லையாம். ஒவ்வொரு காலையும் தம் மாடுகளுக்குத் தண்ணீர் வைத்தபின்னர், திட்டிக்கொண்டே அந்த நான்கு குதிரைகளுக்கும் வாளி சுமக்கிறாராம்.

எங்கள் சிவலைப் பசு இப்பொழுது நன்றாக நடக்கிறது. ஆனாலும் என்னைக் கண்டால் இன்றும் ஓரமாக விலகித்தான் போகிறது.