சிவப்பு மையை மூடி வைப்போம்

பெரியசாமித் தூரன் தலைமையில் பத்துத் தொகுதிகளாக வெளிவந்த கலைக்களஞ்சியத்தை அறிஞர்கள் எழுதினார்கள்; நாம் படித்தோம். 2003-இல் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியாவிலோ எவரும் எழுதலாம். ஆனால் அங்கும் தமிழாசிரியர்களாகிய நாம் விடைத்தாள்தானே திருத்திக்கொண்டிருக்கிறோம்? தன் ஊர் ஏரியைப் பற்றி முதன்முறையாக ஐந்து வரி எழுதிய மாணவிக்குச் சந்திப்பிழையைச் சுட்டுகிறோம்; சான்றில்லை என்று கட்டுரையையே நீக்கச் சொல்கிறோம்.

கட்டுரையின் ஒவ்வொரு பழைய வடிவமும் 'வரலாறு' பக்கத்தில் பத்திரமாக இருக்கிறது. பிழையை என்றும் திருத்தலாம். மனம் கசந்து போனவர் திரும்புவது அரிது. சான்று வேண்டாம் என்பதல்ல நம் வாதம். கேட்பதற்கு முன், அதைச் சேர்க்கும் முறையை அவரது பேச்சுப் பக்கத்தில் இரண்டு வரியில் சொல்லித்தருவோம். எழுதிப் பழக மணல்தொட்டியைக் காட்டுவோம். கற்றுக்கொடுப்பதுதானே நம் தொழில்?