எங்கம்மாவுக்கு வெறும் இழுப்பா?

"வீசிங்தாம்மா, வயசாச்சு இல்ல." டாக்டருங்க இதையே சொல்லக் கேட்டுக் கேட்டு எங்கம்மா போய்ச் சேர்ந்துச்சு.

களமருதூர்ல எங்க வீட்டு அடுப்பங்கரைக்கு ஜன்னல் கிடையாது. கல்யாணம் ஆகி வந்த நாள்லேர்ந்து கருவேல விறகை ஊதி ஊதியே சோறாக்குச்சு. பீடி, சுருட்டு தொடாத பொம்பளைக்கு நுரையீரல் எப்படிப் போச்சுன்னு கேட்டாரு டாக்டர். அடுப்புப் புகை சார், வேற என்ன?

கடைசிக் காலத்துல அது படுத்துத் தூங்கினதே இல்ல. தலகாணிய மடியில வச்சுக் குனிஞ்சு உட்கார்ந்தபடியே விடியும். கொல்லைக்குப் போய் வர்றதுக்குள்ள உயிர் போய் உயிர் வரும். மென்னு முழுங்க மூச்சு இல்லாம பாதிச் சோத்துல கை கழுவிடும். ரவிக்கை தோள்ல நிக்காது. நடுராத்திரி ஆட்டோ, ஆஸ்பத்திரி, ஆக்சிஜன், ஊசி. கொஞ்சம் தெளிஞ்சதும் சீட்டு எழுதி அனுப்பிடுவாங்க. மறுபடியும் ஆட்டோ.

இதுல எதுய்யா உங்க கண்ணுக்குத் தெரியல?

அம்மா போன பிறகு தேடித் தேடிப் படிச்சேன். உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்குறது, உடம்பு இளைக்கிறது, திரும்பத் திரும்ப அட்மிட் ஆகுறது, வீட்டுலயும் ஆக்சிஜன் வேண்டியிருக்குறது. இதெல்லாம் தெரிஞ்சா இவங்களுக்கு வேதனையைத் தணிக்கிற நோய் ஆதரவு சிகிச்சை வேணுமான்னு பாருங்கன்னு எடின்பரோ பல்கலைக்கழகத்துக்காரங்க 'ஸ்பிக்ட்'னு ஒரு தாளே போட்டு வச்சிருக்காங்க. அதுக்கு ஸ்கேன் வேணாம், ரத்தம் எடுக்க வேணாம். கண்ணால பார்த்து, வாயால கேட்டாப் போதும்.

அம்மா உயிரோட இருந்தப்பவே அந்த மாதிரி சிகிச்சை தரக்கூடாதான்னு நான் கேட்டேன். "அதெல்லாம் கேன்சர்காரங்களுக்கு"ன்னாங்க. "இந்த நோய்ல எப்போ என்ன ஆகும்னு சொல்ல முடியாதும்மா"ன்னாங்க. சாவு என்னைக்குன்னா நான் கேட்டேன்? இன்னைக்கு ராத்திரி அது எப்படித் தூங்கும்னுதானே கேட்டேன்? முகத்துக்கு நேரா சின்ன ஃபேன் காத்து பட்டாத் திணறல் கொஞ்சம் தணியுமாம். அஞ்சு பைசா மருந்து வேணாம் அதுக்கு. அதைக்கூடவா சொல்லித்தர மனசு வரல? கேன்சர் வந்தாத்தான் வேதனையா? மூச்சுக்குத் தவிக்கிறது வேதனையில சேராதா?

2021-ல மட்டும் சி.ஓ.பி.டி.ங்கிற இந்த நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய்ல உலகத்துல ஏறக்குறைய 35 லட்சம் பேர் செத்திருக்காங்க. நோய் ஆதரவு சிகிச்சையை எல்லா மருத்துவத்தோடயும் சேருங்கன்னு 2014-லயே உலக சுகாதார சபை தீர்மானம் போட்டாச்சு. நம்ம ஊர்ல 'மக்களைத் தேடி மருத்துவம்' 2021 ஆகஸ்ட் 5-ல தொடங்கினப்பவே வீட்டுக்கே வந்து அந்தச் சிகிச்சை தரணும்னு அதுல இருக்கு. திட்டம் இருக்கு, சரி. எங்கம்மா பேரை எழுதி அனுப்ப வேண்டியது யாரு? அட்மிஷன் போட்டவங்களா? அனுப்பிவிட்டவங்களா?

அந்தச் சீட்டெல்லாம் டிரங்குப் பெட்டியில கிடக்கு. பிரஷர் எழுதியிருக்கு, சுகர் எழுதியிருக்கு. தூங்குதா, சாப்பிடுதா, எதை நினைச்சுப் பயப்படுதுன்னு ஒரு சீட்டுலயும் இல்ல. எங்க மாவட்டத்துக் கல்வராயன் மலை மேலயும் விறகு அடுப்பை ஊதிக்கிட்டு எத்தனையோ பொம்பளைங்க இருமிக்கிட்டு இருக்காங்க. அவங்க வந்து நின்னாலும் "வீசிங்தாம்மா"ன்னுதான் எழுதுவீங்களா?