ஓடாத மீன்



கடந்த காலபோகத்தின்போது முல்லைத்தீவு மாவட்டத்தில், குளத்தின் கீழுள்ள ஒரு கிராமத்துக்கு மாதர் சங்கக் கூட்டமொன்றுக்காகப் போயிருந்தேன். வாய்க்காலில் பிள்ளைகள் மீன் பிடித்துக்கொண்டிருந்தார்கள். வலையும் இல்லை, தூண்டிலும் இல்லை. வெறுங்கையால் அள்ளினார்கள்.

"மிஸ், இண்டைக்கு மீன் ஓடுதில்லை" என்றான் ஒரு சிறுவன்.

போரில் கணவரை இழந்து, குளத்து மீன் விற்றுப் பிள்ளைகளை வளர்க்கும் அக்கா ஒருவர் அந்த மீன்களைக் கூடையில் சேர்த்தார். எனக்கும் ஒரு கோர்வை தந்தார். மகிழ்ச்சியோடு வாங்கிக்கொண்டேன். பட்டம் பெற்ற எனக்கு, மீன் ஏன் ஓடவில்லை என்று கேட்கத் தோன்றவில்லை. கேட்டது ஒரு மூதாட்டிதான்.

"மேல் வயலுக்கு நேற்று மருந்தடிச்சவங்கள். தாங்கியையும் இதுக்குள்ளதான் அலசினவங்கள். சட்டியில போடாதை பிள்ளை."

அக்கா கூடையைப் பார்த்தபடி சிறிது நேரம் நின்றார். அது அவருடைய அன்றைய வருமானம். பிறகு நாங்கள் எல்லோரும் சேர்ந்து, பூனையும் கோழியும் கிண்டாதபடி ஆழமாகக் குழி வெட்டிப் புதைத்தோம்.

வீடு வந்து இதைப் பற்றித் தேடி வாசித்தேன். வயலுக்கு அடிக்கும் பூச்சிநாசினிகளில் ஒரு வகை, நரம்புச் செய்தியை முடித்துவைக்கும் நொதியைத் தடுத்துவிடுகிறது. செய்தி ஓயாமல் போய்க்கொண்டே இருக்கும். மீன் சுழன்று நீந்தும், பக்கவாட்டில் சரியும், நிழல் விழுந்தாலும் விலகாது. எங்கள் உடலிலும் இருப்பது அதே நொதிதான். அதனால்தான் மருந்தடித்தவருக்குத் தலையிடி, வாந்தி, வாயில் நீரூறல், கண் மங்கல் வருகின்றன. அப்படி யாருக்காவது வந்தால், ஆஸ்பத்திரிக்குப் போகும்போது அந்த மருந்துப் போத்தலையும் கொண்டுபோங்கள். மீனைச் சமைத்தால் நஞ்சு போய்விடும் என்றும் நம்ப முடியாது.

என்னை மிகவும் உலுக்கியது வேறொரு செய்தி. கெண்டை இனத்து மீனொன்றின் தோல் காயப்பட்டால் நீரில் ஒருவித மணம் பரவி, கூட்டத்து மீன்கள் பயந்து ஓடும். இதை 1938இல் கண்டறிந்தவர் கார்ல் வொன் பிரிஷ். சல்மன் மீனுக்கும் இப்படி அபாயத்தை மணந்தறியும் ஆற்றல் உண்டு. (நாங்கள் கடையில் சல்மன் ரின் என்று வாங்குவது பெரும்பாலும் வேறு மீன். இது உண்மையான சல்மன்.) எங்கள் வயல்களிலும் அடிக்கப்பட்டு வந்த டயசினோன் என்ற பூச்சிநாசினி கலந்த நீரில் அமெரிக்க ஆய்வாளர்கள் இளம் சல்மன்களை விட்டுப் பார்த்தார்கள். ஆய்வு 2000ஆம் ஆண்டு வெளியானது. அபாய மணம் பட்டதும் நல்ல மீன்கள் இரையை விட்டு அடங்கி நின்றன. நஞ்சு பட்டவையோ எதுவும் நடவாததுபோல் நீந்தித் தின்றுகொண்டிருந்தன. ஒரு லீற்றர் நீரில் ஒரு கிராமின் பத்து இலட்சத்தில் ஒரு பங்கே அதற்குப் போதுமாக இருந்தது. அந்த மீன்கள் சாகவில்லை. பார்வைக்கு நல்ல மீன்கள்தான். பயத்தை மட்டும் இழந்துவிட்டன.

ஆகவே மீன் செத்து மிதந்தால்தான் நீர் கெட்டது என்று காத்திருக்க வேண்டாம். விடியற்காலையில் மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடுவது வேறு காரணத்தாலும் இருக்கலாம். வயல் உரம் கழுவப்பட்டு வந்து குளத்தில் பாசி பெருகினால் இரவில் ஒட்சிசன் குறைந்துவிடும். வெயில் ஏறியதும் அவை பெரும்பாலும் தெளிந்துவிடும். ஆனால் மருந்தடித்த மறுநாள் மீன் கைக்கு வந்தால் பிள்ளைகளை மேலே ஏற்றுங்கள். அன்று அந்த நீரில் குளிப்பதும் பாத்திரம் கழுவுவதும் வேண்டாம்.

இதை எழுதுவது எனக்கு எளிது. அந்த அக்காவோ அதே மேல் வயலில் நாட்கூலிக்குக் களை பிடுங்குபவர். காணிக்காரரோடு முரண்பட்டால் வேலை போகும். தாங்கி அலசிய தண்ணீரை அந்த வயலுக்கே தெளித்துவிடலாம், வாய்க்காலுக்கு நீர் போகும் வக்கடையைச் சில நாள் அடைத்து வைக்கலாம் என்று யார் போய்ச் சொல்வது? கூட்டத்தில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். கடைசியில் மூன்று பேர் சேர்ந்து போனார்கள், அக்காவும்தான்.

மருந்தடிப்பதை முதல் நாளே சொல்லிவிடுவதாகக் காணிக்காரர் ஒப்புக்கொண்டார். தாங்கி அலசுவது பற்றி வாய் திறக்கவில்லை. அடுத்த கூட்டத்துக்கு விவசாயப் போதனாசிரியரை அழைத்திருக்கிறோம். காணிக்காரரின் மனைவியும் வருவதாகச் சொல்லியனுப்பியிருக்கிறார்.