செவியா, பெயர்ச்சீட்டா?

இழப்பில்லாக் கோப்பில் கேட்டால்தான் வீணையின் கமகம் துலங்குகிறது, எம்பி3 வடிவில் அதன் உயிரே போய்விடுகிறது என்று எழுதும் ரசிகர்கள் பெருகிவிட்டனர். ஆப்பிள் மியூசிக் 2021இலும் ஸ்பாட்டிஃபை 2025இலும் இழப்பில்லா ஒலியை வழங்கத் தொடங்கியபின் இக்குரல் மேலும் ஓங்கியிருக்கிறது. நாம் கேட்பது ஒன்றே: கோப்பின் பெயரை மறைத்துவிட்டால் இனங்காண இயலுமா?

இலக்கியம் பயின்றோர்க்கு இக்கேள்வி புதிதன்று. ஐ.ஏ. ரிச்சர்ட்ஸ் கேம்பிரிட்ஜ் மாணவர்களிடம் ஆசிரியர் பெயர் நீக்கிய கவிதைகளைக் கொடுத்துக் கருத்தெழுதச் சொன்னார். பெயர் போனதும் அவர்தம் மதிப்பீடு எவ்வளவு தடுமாறிற்று என்பதை 1929இல் நூலாகவே காட்டினார். ஒலித்துறையில் அதற்கு ஈடானது ஏபிஎக்ஸ் சோதனை. இரு ஒலிகளைக் கேட்டபின், மூன்றாவதாக வருவது அவற்றுள் எது என்று சொல்ல வேண்டும். பத்தில் ஒன்பது முறையேனும் சரியாகச் சொல்வது வெறும் ஊகத்தால் வாய்ப்பது ஏறத்தாழ நூற்றில் ஒன்றே. ஆகவே மெய்யாகக் கேட்கும் செவிக்கு இச்சோதனை பகையன்று. ஒலியளவை மட்டும் சமமாக்கிவிட வேண்டும். சற்றே உரக்க ஒலிப்பதைத்தான் மனம் 'தெளிவு' என்று கொண்டாடும்.

வேறுபாடே இல்லை என்பது எம் வாதமன்று. குறுந்தகட்டு ஒலி நொடிக்கு 1411 கிலோபிட். அதை 128க்குச் சுருக்கினால், குறிப்பாகப் பழைய மென்பொருள்களில், பழகிய செவிகள் குறையைப் பிடித்துவிடும். நம் சிப்ளாக்கட்டைக்கு உறவான காஸ்டனெட்டைச் சுருக்கிக் கேளுங்கள். அடி விழுமுன்பே மங்கலானதோர் இரைச்சல் முந்திக்கொண்டு வரும். சான்று காட்ட விரும்பியவர் கட்டையின் அடியைக் காட்டியிருக்க வேண்டும், கமகத்தை அன்று! 320 கிலோபிட்டிலோ பயிற்சியுள்ளோரே திணறுகின்றனர். இதில் வேடிக்கை, இழப்பில்லா ஒலிக்கு வாதாடுவோர் பலரும் கேட்பது புளூடூத் வழியே. பெரும்பாலான புளூடூத் செவிபேசிகள் ஒலியை மறுபடி சுருக்கித்தான் பெறுகின்றன.

குறுந்தகட்டுக்கும் மேலான 'உயர்தெளிவு' ஒலியின் கதை இன்னும் பரிதாபம். 2007இல் மேயரும் மொரானும் வெளியிட்ட ஆய்வில் 554 முறைகளில் சரியான விடை 276, நாணயம் சுண்டியிருக்கலாம். பல ஆய்வுகளைத் தொகுத்த ரைஸ் 2016இல் கண்டது 52.3 விழுக்காடு. வேறுபாடு உண்டுதான், மயிரிழையளவு.

இதையே சாக்காகக் கொண்டு, பழைய இசைத்தட்டுகளையும் நாடாக்களையும் எம்பி3 ஆக மட்டும் மாற்றிவிட்டு மூலத்தைக் கைவிடுவோரையும் நாம் ஏற்கவில்லை. சுருக்கியதை மீண்டும் சுருக்குந்தோறும் இழப்புக் கூடும். நாளை இரைச்சல் நீக்க முயல்பவர்க்கு எறிந்தது திரும்பாது. ஏடெழுதியவன் விட்ட அடியைப் பதிப்பாசிரியர் எங்கே தேடுவார்? பெட்டகத்தில் ஃபிளாக்கே இருக்கட்டும். ஆனால் மலிவான கைபேசியில் எம்பி3 கேட்கும் எம் மாணவனைப் பார்த்து 'உனக்குச் செவியில்லை' என்பவர், முதலில் பெயர் மறைத்துப் பத்து முறை கேட்டுவிட்டு வரட்டும்.