மகளுக்கு எந்தப் பள்ளிக்கூடம்? பள்ளிச் சம்பளத்தோடு முடியாத கணக்கு

பெண்ணைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்புவதா, வேண்டாமா என்பது ஒரு காலத்துக் கேள்வி. அனுப்புவதென்று தமிழ்நாடு தீர்மானித்து வெகுகாலமாகிறது. எந்தப் பள்ளிக்கூடம் என்பதுதான் இன்று வீட்டுக்கு வீடு நடக்கும் வாதம். கையில் கொஞ்சம் காசு புரளும் குடும்பங்களில் இதற்குப் பெரும்பாலும் ஒரே விடைதான் கிடைக்கிறது: "பெண்கள் மட்டும் படிக்கிற தனியார் பள்ளியாகப் பார்!" பாட்டி சொல்கிறாள், பக்கத்து வீட்டு மாமி சொல்கிறாள், ஆபீஸ் சிநேகிதரும் அதையே சொல்கிறார். ஏன் என்று கேட்டால் மூன்று காரணங்கள் வரும். படிப்பு நன்றாயிருக்கும், கட்டுப்பாடு உண்டு, பயமில்லை.

இந்த மூன்றையும் நம்பி, ஜூன் மாதம் பிறந்தால் வளையலை அடகு வைத்துச் சம்பளம் கட்டும் குடும்பங்கள் எத்தனையோ! அந்த நம்பிக்கைக்கு ஆதாரம் எவ்வளவு என்று ஆராய்ந்து பார்ப்பதில் தவறில்லை.

மார்க்கு யாருடையது?

முதலில் படிப்பை எடுத்துக்கொள்வோம். 2025 மே மாதம் வெளியான பிளஸ் 2 முடிவுகளில், மகளிர் பள்ளிகளில் தேறியவர்கள் நூற்றுக்கு 96.50 பேர். ஆண்கள் பள்ளிகளில் 90.14, இருபாலரும் சேர்ந்து படிக்கும் பள்ளிகளில் 95.30. இதை மட்டும் பார்த்தால் மகளிர் பள்ளிக்குத்தான் வெற்றி மாலை. ஆனால் அதே முடிவுகளில் இன்னொரு கணக்கும் இருக்கிறது. எந்த வகைப் பள்ளியானாலும் சரி, மாநிலம் முழுவதிலும் பரீட்சை எழுதிய பெண்களில் தேறியவர்கள் நூற்றுக்கு 96.70. பையன்கள் 93.16. அதாவது, பெண்கள் எந்த பெஞ்சில் உட்கார்ந்து படித்தாலும் ஏறக்குறைய அதே அளவில் தேறிவிடுகிறார்கள். மகளிர் பள்ளியின் சராசரி உயர்ந்து நிற்பதற்கு முக்கியமான காரணம், அதைக் கீழே இழுக்கப் பையன்கள் அங்கே இல்லை என்பதுதான்! அந்த வெற்றியில் பள்ளிக்கூடத்தின் பங்கு எவ்வளவு, பெண்களின் உழைப்பு எவ்வளவு என்று பிரித்துப் பார்த்தால், பள்ளிக்கூடத்தின் தட்டு அதிகம் தாழாது.

உலக அனுபவமும் இதற்கு மாறாக இல்லை. 2014-இல் அமெரிக்க ஆராய்ச்சியாளர்கள் 21 நாடுகளில் நடந்த 184 ஆராய்ச்சிகளை ஒன்று திரட்டினார்கள். அவற்றில் சம்பந்தப்பட்ட மாணவ மாணவிகள் சுமார் 16 லட்சம் பேர். குடும்ப வசதி முதலியவற்றைக் கழித்துச் சரியாக ஒப்பிட்ட ஆராய்ச்சிகளில், தனிப்பள்ளிக்கும் கலப்புப் பள்ளிக்கும் படிப்பில் சொல்லத்தக்க வித்தியாசம் தென்படவில்லை.

சுயநிதிப் பள்ளிகளில் 98.88, அரசாங்க உதவி பெறும் பள்ளிகளில் 95.71, அரசாங்கப் பள்ளிகளில் 91.94 என்பதும் அதே 2025 முடிவுகள்தான். 'பார்த்தீர்களா, தனியார்தான் மேல்' என்று சொல்லிவிடலாம். ஆனால் சுயநிதிப் பள்ளிக்கு வருகிற குழந்தையின் வீட்டில் பெரும்பாலும் படித்த தாய் இருக்கிறாள், டியூஷனுக்குப் பணம் இருக்கிறது. படிப்பில் பின்தங்கிய பெண்ணைப் பத்தாவதோடு சான்றிதழ் கொடுத்து வெளியே அனுப்பிவிடும் பள்ளிகள் உண்டு என்ற குறையும் நெடுநாளாகக் கேட்பதே. அரசாங்கப் பள்ளியோ வருகிற எவரையும் வாசலில் நிறுத்தித் திருப்பி அனுப்புவதில்லை. ஓட்டப் பந்தயத்தில் ஒருவர் பாதி தூரத்திலிருந்து ஓடத் தொடங்கினால், அவர் முதலில் வருவதில் ஆச்சரியப்பட என்ன இருக்கிறது? தவிர, 2011-12 முதல் சமச்சீர்க் கல்வி வந்தபின் மெட்ரிகுலேஷன் பள்ளிக்கும் அரசாங்கப் பள்ளிக்கும் பாடத்திட்டமும் பொதுப் பரீட்சையும் ஒன்றுதான்.

பயம் என்ற பழைய விருந்தாளி

ஆகவே படிப்பு என்பது வெளியே சொல்லும் காரணமே தவிர, உள்ளே இருப்பது பயம்தான். இதைக் குறையாகச் சொல்வதற்கில்லை. பெண்களுக்கென்று தனிப்பள்ளிகள் தோன்றியதே இந்தப் பயத்துக்கு விடையாகத்தான். 1842-இல் அயர்லாந்திலிருந்து பிரஸன்டேஷன் சபைக் கன்னியாஸ்திரீகள் சென்னையில் வந்து இறங்கினார்கள். பாளையங்கோட்டை சாரா டக்கர், மதுரை ஓ.சி.பி.எம். போன்ற பழைய பெண்கள் பள்ளிகளும் மிஷன்களின் முயற்சியில் எழுந்தவையே. சென்னை ராஜதானியில் பட்டம் பெற்ற முதல் இந்து விதவையான சகோதரி சுப்புலட்சுமி 1912-இல் இளம் விதவைகளுக்கென்று இல்லம் தொடங்கினார். அந்த நாளில் ஆண் உபாத்தியாயர் இருக்கும் இடத்துக்குப் பெண்ணை அனுப்ப மாட்டேன் என்ற தகப்பனார்கள் ஏராளம். சுவரும் கேட்டும் உபாத்தியாயினிகளும் இருந்ததால்தான் ஆயிரக்கணக்கான பெண்கள் எழுத்து வாசனை கண்டார்கள். அந்தப் பள்ளிகளுக்கு இந்த நாடு பட்டிருக்கும் கடன் சிறிதல்ல.

ஆனால் சுவர் உயரமாக இருப்பதாலேயே ஆபத்து உள்ளே வராது என்று எண்ணிவிடக் கூடாது. 2021 மே மாதம் சென்னையில் ஒரு பிரபல தனியார் பள்ளி ஆசிரியர்மீது பழைய மாணவிகள் வரிசையாகக் குற்றம் சாட்டினார்கள், அவர் கைதானார். கெட்டிக்காரப் பள்ளி என்று பெயர் வாங்கிய இடத்திலும் இத்தனை வருஷங்கள் எப்படி மூடிக் கிடந்தது என்று நாடே கேட்டது. அதன்பின் அதே ஜூனில், ஒவ்வொரு பள்ளியிலும் மாணவர் பாதுகாப்பு ஆலோசனைக் குழு அமைக்க வேண்டும், அதில் பெற்றோரும் இருக்க வேண்டும், புகார்ப் பெட்டி வைக்க வேண்டும் என்று மாநில அரசாங்கம் உத்தரவு போட்டது. 2012-ஆம் வருஷத்து போக்ஸோ சட்டப்படி, தன்கீழ் வேலை செய்பவர் செய்த குற்றத்தைத் தெரிந்தும் போலீசுக்குச் சொல்லாத நிர்வாகிக்கு ஓராண்டு வரை சிறை உண்டு. அட்மிஷனுக்குப் போகும் பெற்றோர் நீச்சல் குளம் உண்டா, ஏ.ஸி. வகுப்பு உண்டா என்றெல்லாம் கேட்கிறார்கள். 'உங்கள் பாதுகாப்புக் குழுவில் உள்ள பெற்றோர் யார்?' என்று எத்தனை பேர் கேட்கிறார்கள்? பெயரைச் சொல்லத் தடுமாறும் பள்ளியில் குழு காகிதத்தில்தான் இருக்கிறது என்று கொள்ளலாம்.

பகல் பள்ளி என்றால் போய்வரும் வழியும் பள்ளியைச் சேர்ந்ததே. 2012 ஜூலையில் தாம்பரம் அருகே பள்ளிப் பேருந்தின் தளத்திலிருந்த ஓட்டை வழியே விழுந்து ஒரு சிறுமி மாண்டாள். அதன் பிறகுதான் பள்ளிப் பேருந்துகளுக்கென்று தனி விதிகள் பிறந்தன. நல்ல பெயருள்ள மகளிர் பள்ளி ஊரின் மறு கோடியில் இருக்கிறதென்று, பத்து வயதுக் குழந்தையை விடியற்காலையில் எழுப்பி நெரிசலான வேனில் ஏற்றி அனுப்புகிறவர்கள், எந்தப் பயத்துக்காக அந்தப் பள்ளியைத் தேடினார்களோ அதையே தினம் இருமுறை விலைக்கு வாங்குகிறார்கள். நடந்து போகும் தூரத்தில் இருக்கும் சுமாரான பள்ளிக்கு இந்த ஒரு விஷயத்தில் தாராளமாகப் பத்து மார்க் கூடுதலாகப் போடலாம்.

ஆறாம் வகுப்பு வாசல்

இதுவரை சொன்னவை பலருக்கும் ஓரளவு தெரிந்தவை. தெரியாமல் போவது ஆறாம் வகுப்பின் முக்கியத்துவம். அரசாங்கப் பள்ளிகளில் 6 முதல் 12 வரை படித்தவர்களுக்கு மருத்துவக் கல்லூரி இடங்களில் 7.5 சதவிகிதம் ஒதுக்கும் சட்டம் 2020-இல் தமிழ்நாட்டில் வந்தது. 2021-இல் பொறியியல், விவசாயம் முதலிய படிப்புகளுக்கும் அதேபோல ஒதுக்கீடு வந்தது. 2022 செப்டம்பரில் தொடங்கிய புதுமைப் பெண் திட்டமோ, 6 முதல் 12 வரை அரசாங்கப் பள்ளியில் படித்துக் கல்லூரி சேர்ந்த பெண்ணுக்கு மாதம் 1,000 ரூபாய் என்றது. மூன்று வருஷப் பட்டப் படிப்புக்குக் கூட்டினால் 36,000 ரூபாய். 2024 டிசம்பரில், உதவி பெறும் பள்ளிகளில் தமிழ் வழியில் படித்த பெண்களுக்கும் அது விரிந்தது.

ஐந்தாவது முடித்த மகளைத் தனியார் மகளிர் பள்ளியில் சேர்க்கும் தகப்பனார், அந்த வருஷச் சம்பளத்தை மட்டும் எண்ணிப் பார்க்கிறார். ஏழு வருஷத்துக்குப் பிறகு டாக்டர் படிப்புக்கு அவள் மனுப் போடும்போது ஒரு தனி வரிசையில் நிற்கும் உரிமையையும் அன்றே விட்டுக்கொடுத்துவிட்டோம் என்பது அவர் கணக்கில் ஏறுவதில்லை. ஒன்பதாவதில் நினைவு வந்து அரசாங்கப் பள்ளிக்கு மாற்றினாலும் பொதுவாகப் பயன் கிட்டாது. கட்டாயக் கல்விச் சட்டத்தின்கீழ் தனியார் பள்ளியில் எட்டாவது வரை படித்த குழந்தைகளுக்குத்தான் விலக்கு. சலுகைகள் ஆட்சிக்கு ஆட்சி மாறக்கூடியவை. ஆகவே சேர்க்கும் வருஷத்தில் உள்ள உத்தரவைக் கேட்டறிவது நல்லது. ஆனால் கேட்காமலே இருப்பதற்கு நியாயமில்லை. வசதியுள்ளவருக்கு இது பெரிய நஷ்டமல்ல. வளையலை அடகு வைப்பவருக்கு?

இந்த இடத்தில் பலர் மறந்துவிட்ட நடுவழி ஒன்று உண்டு. அதுதான் உதவி பெறும் மகளிர் பள்ளி. பழைய மிஷன் பள்ளிகளிலும் தர்ம ஸ்தாபனப் பள்ளிகளிலும் பல இந்த வகையைச் சேர்ந்தவை. ஆசிரியைகளுக்குச் சர்க்கார் சம்பளம். ஆகையால் வருஷா வருஷம் ஆள் மாறுவதில்லை. கட்டிடம் பழசு, மைதானம் பெரிது. பக்கத்திலேயே அதே நிர்வாகம் நடத்தும் மெட்ரிகுலேஷன் பள்ளியில் இடத்துக்குப் பெற்றோர் வரிசை கட்டி நிற்க, இங்கே பெஞ்சுகள் காலியாகக் கிடக்கும் விசித்திரமும் உண்டு! மருத்துவ ஒதுக்கீடு இவற்றுக்குக் கிடையாது என்பது குறைதான். மற்றபடி, பெண்கள் மட்டும் படிக்கும் பள்ளிதான் வேண்டும் என்ற குடும்பம் முதலில் கதவைத் தட்ட வேண்டிய இடம் இது.

ரசீது எங்கே?

தனியார் பள்ளிதான் என்று முடிவானால், அடுத்தது சம்பளம். தனியார் பள்ளிகள் இஷ்டப்படி வசூலிக்க முடியாதபடி 2009-இல் தமிழ்நாட்டில் சட்டம் வந்தது. அதன்படி ஓய்வு பெற்ற ஐகோர்ட் நீதிபதி தலைமையில் அமையும் குழு, ஒவ்வொரு பள்ளிக்கும் மூன்று வருஷத்துக்கு இவ்வளவு என்று கட்டணம் நிர்ணயிக்கிறது. கட்டாயக் கல்விச் சட்டமோ நன்கொடையைத் தடுப்பதோடு நிற்கவில்லை. சேர்க்கும்போது குழந்தையையோ பெற்றோரையோ பரீட்சை செய்யக் கூடாது என்கிறது. மீறினால் முதல் தடவைக்கு 25,000 ரூபாய் வரை அபராதம். ஆனால் 'அப்பா என்ன வேலை, அம்மா எதுவரை படித்தவர்' என்ற விசாரணை நிற்கவா செய்தது? குழு ஒரு தொகை சொல்கிறது. பள்ளி சீருடை, புத்தகம், ஸ்மார்ட் வகுப்பு, ஆண்டு விழா என்று வேறு பெயர்களில் இன்னொரு தொகை சொல்கிறது. எவ்வளவுக்கு ரசீது தருகிறார்கள் என்று பார்த்தாலே பாதி உண்மை வெளிவந்துவிடும். சம்பளப் பாக்கிக்காக மாற்றுச் சான்றிதழை நிறுத்தி வைக்கக் கூடாது என்று சென்னை ஐகோர்ட் 2024 ஜூலையில் கூறியதையும் பெற்றோர் நினைவில் வைக்கலாம்.

ஏழைக் குழந்தைகளுக்குத் தனியார் பள்ளிகளில் 25 சதவிகித இடம் என்ற விதி இருக்கிறதே என்று கேட்கலாம். 2014-இல் உச்ச நீதிமன்றம் சிறுபான்மையினர் பள்ளிகளுக்கு அதிலிருந்து விலக்குத் தந்தது. தமிழ்நாட்டில் பெயர் பெற்ற மகளிர் பள்ளிகள் பல கிறிஸ்தவ சபைகள் நடத்துபவை. ஆகவே, மகளிர் பள்ளியை நாடும் ஏழைத் தாய்க்கு அந்த வாசல் பெரும்பாலும் ஒருக்களித்தே இருக்கிறது. போதாததற்கு, மத்திய அரசாங்கத்தின் நிதி வராததால் 2025-இல் இந்தச் சேர்க்கையே அக்டோபர் வரை தள்ளிப்போயிற்று.

மகளிர் பள்ளியால் ஒரு நன்மையும் இல்லை என்று இதற்கெல்லாம் பொருளல்ல. அங்கே வகுப்புத் தலைவியும் பெண்தான், கூடைப்பந்து கேப்டனும் பெண்தான், ஆய்வுக்கூடத்தில் குடுவையைப் பிடிப்பவளும் பெண்தான். மைதானம் முழுவதும் அவர்களுடையது. பன்னிரண்டு, பதின்மூன்று வயதில் கூச்சம் மிகுந்த பெண்ணுக்கு இது பெரிய விடுதலை. அதே சமயம் கேரளத்தில் 2022 ஜூலையில் குழந்தைகள் உரிமை ஆணையம், ஆண் பள்ளி பெண் பள்ளி என்ற பிரிவே வேண்டாம், எல்லாவற்றையும் கலப்புப் பள்ளியாக்குங்கள் என்று சொன்னதும் அலட்சியம் செய்யக்கூடிய அபிப்பிராயமல்ல. வாய் ஓயாத பெண்ணுக்கு ஒரு பள்ளி பொருந்தும். வாயே திறக்காத பெண்ணுக்கு வேறு பள்ளி. அவளையே ஒரு வார்த்தை கேட்டால் என்ன?

கடைசியாகப் பார்க்க வேண்டியது பிளஸ் 1. சில பள்ளிகள் பத்தாவதோடு நின்றுவிடும். மறுபடியும் அட்மிஷன் அலைச்சல். பன்னிரண்டு வரை இருந்தாலும் கணிதமும் பௌதிகமும் சேர்ந்த பிரிவு உண்டா, 'பெண்களுக்கு காமர்ஸ் போதும்' என்று விட்டுவிட்டார்களா என்று முன்கூட்டியே கேட்க வேண்டும். பதினோராம் வகுப்புப் பாடத்தைத் தொடாமலே பன்னிரண்டாம் வகுப்புப் பாடத்தை இரண்டு வருஷம் உருப்போட வைக்கும் தனியார் பள்ளிகளைக் கட்டுப்படுத்தத்தான் 2017-18 முதல் பிளஸ் 1 வகுப்புக்குப் பொதுப் பரீட்சை வந்தது. 2025-26 முதல் அது இல்லை என்று மாநிலக் கல்விக் கொள்கை அறிவித்தது. குழந்தைகளுக்குச் சுமை குறைந்தது சரி. பழைய வழக்கம் திரும்பி வந்தால் தடுப்பதற்கு இனிப் பொதுப் பரீட்சை இல்லை. நீட் பரீட்சையிலோ பதினோராம் வகுப்புப் பாடத்திலிருந்தும் கேள்விகள் வருகின்றன. பள்ளி ஆபீஸில் மனுப் பாரம் வாங்கும்போதே பிளஸ் 1 வகுப்பின் கால அட்டவணையையும் காட்டச் சொல்லிக் கேட்கலாம். இரண்டாவது மாடியில் படிக்கும் அக்காக்களின் நோட்டுப் புத்தகத்தைப் பார்த்தால் இன்னும் விஷயம் தெரியும்.