மூன்று திங்களின் சாட்சி

சுவர் இருந்தால்தான் சித்திரம் எழுதலாம் என்பது நம் முன்னோர் மொழி. உடலாகிய சுவர் சரிந்தபின் கல்வியும் செல்வமும் தீட்டும் ஓவியத்துக்கு இடமேது? இலக்கியம் பேச வேண்டிய இம்மலரில் குருதியையும் சர்க்கரையையும் பற்றி எழுத நாம் முற்பட்டமைக்குக் காரணம் உண்டு. நீரிழிவு இல்லாத தெரு இன்று நம் ஊர்களில் இல்லை. அந்நோயைப் பற்றி நாம் கொண்டுள்ள எண்ணமோ பாதியளவே சரியானது.

குருதிச் சோதனைக்கு நாள் குறித்ததும் வீட்டுப் பெரியவர் இனிப்பை ஒதுக்குகிறார். இரவு உணவைச் சுருக்குகிறார். மறுநாள் வெறும் வயிற்றில் எடுத்த அளவு குறைந்திருக்கக் கண்டு மகிழ்கிறார். அன்று மாலையே விருந்துக்குப் புறப்படுகிறார். தேர்வுக்கு முந்திய இரவு மட்டும் புத்தகத்தைத் திறக்கும் மாணவனுக்கும் அவருக்கும் என்ன வேறுபாடு?

ஆயினும் குருதிக்குள் ஒரு சாட்சி உண்டு. சிவப்பணுக்கள் ஏறத்தாழ 120 நாள் வாழ்பவை. அவற்றிலுள்ள ஹீமோகுளோபினில் சர்க்கரை மெல்ல மெல்ல ஒட்டிக்கொள்கிறது. சர்க்கரை மிகுந்தால் ஒட்டுவதும் மிகும். அதை அளந்தறியும் ஏ1சி சோதனை, கடந்த இரண்டு மூன்று திங்களின் சராசரி நிலையை நமக்குக் காட்டிவிடுகிறது. ஓரிரவுப் பட்டினியால் அந்தச் சாட்சியை மாற்ற இயலாது. நீரிழிவு நோயாளரின் குருதியில் இம்மாற்றத்தை 1968இல் எடுத்துரைத்தவர் ஈரான் நாட்டு அறிஞர் சாமுவேல் ரஹ்பர்.

இச்சாட்சி இதயத்தைப் பற்றியும் பேசுகிறது. இங்கிலாந்தின் நார்ஃபோக் வட்டாரத்தில் 45 முதல் 79 வயது வரையிலான 4,662 ஆடவரை ஆராய்ந்த முடிவு 2001இல் வெளியாயிற்று. ஏ1சி அளவு 5 விழுக்காட்டுக்குக் கீழிருந்தவர்களிடையே இறப்பு மிகக் குறைவு. அளவு ஏற ஏற, இதய நோயால் நேரும் இறப்பும் படிப்படியாக ஏறிற்று. ஒரு விழுக்காடு கூடினால் இறப்பு வாய்ப்பு 28 விழுக்காடு கூடிற்று. வயது, குருதி அழுத்தம், கொழுப்பு, உடற்பருமன், புகைப்பழக்கம் ஆகியவற்றைக் கணக்கில் கொண்ட பின்னும் இம்முடிவு மாறவில்லை. உயர்ந்த ஏ1சி அளவோடு தொடர்புடைய மிகை இறப்பில் 82 விழுக்காடு, 5 முதல் 6.9 வரை அளவுடைய ஆடவரிடையே நிகழ்ந்தது என்பது நம்மை விழிக்கச் செய்ய வேண்டிய செய்தி.

இன்றைய மருத்துவம் 6.5 விழுக்காட்டை நீரிழிவின் எல்லையாகக் கொள்கிறது, 5.7 முதல் 6.4 வரை அதன் முன்னிலை. ஆனால் இதயம் அக்கோட்டைப் பார்த்துக்கொண்டு காத்திருப்பதில்லை. "எனக்கு இன்னும் சர்க்கரை வரவில்லை" என்று முன்னிலையில் நிற்பவர் மகிழ்ந்திருப்பது அறியாமையே. நெடுநாள் நீரிழிவு நரம்புகளையும் கெடுப்பதால், சிலருக்கு நெஞ்சுவலியே இன்றி மாரடைப்பு வந்துவிடுவதும் உண்டு.

அப்படியாயின் மருந்துகளைக் கூட்டி அளவை எப்படியேனும் இறக்கிவிடலாமோ எனின், அதுவும் கூடாது. இதய நோய் வாய்ப்பு மிகுந்த நீரிழிவு நோயாளர் 10,251 பேரை வைத்து அமெரிக்காவிலும் கனடாவிலும் நடந்த அக்கார்டு ஆய்வில், 6 விழுக்காட்டுக்குக் கீழே கொண்டுவரக் கடுமையான மருத்துவம் பெற்ற பிரிவில் இறப்பு மிகுந்தது. 2008இல் அக்கடும் மருத்துவம் இடையிலேயே நிறுத்தப்பட்டது. அவரவர் வயதுக்கும் உடல்நிலைக்கும் ஏற்ற இலக்கை மருத்துவரே வகுக்க வேண்டும். அசட்டையும் தீது, அவசரமும் தீது.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவோடு நடந்து 2023இல் வெளியான ஆய்வு, நம் நாட்டில் 10.1 கோடிப் பேர் நீரிழிவுடனும், 13.6 கோடிப் பேர் அதன் முன்னிலையிலும் இருப்பதாக மதிப்பிட்டது. இவர்களுள் நம் தந்தையரும் அன்னையரும் உளர்.

ஆதலால் நாம் வேண்டுவன சில. மாணவர்கள் தம் பெற்றோரை ஏ1சி சோதனைக்குத் தாமே அழைத்துச் செல்லட்டும். குருதிச்சோகை உடையவர்க்கு இவ்வளவு பிழைபடக்கூடும் ஆகையால், அதனை மருத்துவரிடம் முன்னரே சொல்லட்டும். நோன்பு நோற்க விரும்பும் நீரிழிவு நோயாளர், ரமலானுக்கு ஓரிரு திங்கள் முன்பே மருத்துவரைக் கலந்து மருந்தின் அளவையும் வேளையையும் அமைத்துக்கொள்ளட்டும். ஊர்ப் பெரியோர், திருமண விருந்துகளில் "இன்னும் கொஞ்சம்" என்று வற்புறுத்தும் வழக்கத்தை விட்டொழிக்கட்டும். மறுப்பவரை மதிப்பதும் விருந்தோம்பலே. கல்லூரி விளையாட்டுத் திடல், காலை வேளைகளில் நடைபயில வரும் முதியோர்க்கும் திறந்திருக்கட்டும்.

சோதனை நாளுக்காக ஒரு நாள் வாழ்வதை விடுத்து, மூன்று திங்களும் அளவோடு வாழப் பழகுவோமாக. அதுவே நம் இதயத்துக்கு நாம் செய்யும் கடமை. நம்மை நம்பியிருக்கும் இல்லத்தார்க்கு நாம் செய்யும் நன்றி.